குழந்தைகளுக்கு வக்கீல் ஆக நினைக்கும் மகளுக்கு

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் நீலகிரியில் பந்தலூர் வட்டத்தில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கொஞ்ச நாள் முன்பு எங்கள் லைனில் ஒரு பள்ளிக்கூடப் பையனை பைக் திருட்டு என்று போலீஸ் கூட்டிப்போனது. யாரிடம் போய்ப் பேசுவது என்றே அவன் அம்மாவுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து குழந்தைகளுக்காக மட்டும் வாதாடுகிற வக்கீல் ஆக வேண்டும் என்று மனசில் இருக்கிறது. அதற்கென்று படிப்பு உண்டா? குற்றம் செய்தவர்கள் பக்கம் போகாமல், பாதிக்கப்பட்ட குழந்தைகளின் கேஸை மட்டும் எடுத்து நடத்த முடியுமா? மலையிலேயே இருந்து இந்த வேலையில் பிழைக்க முடியுமா? இங்கிலீஷ் எனக்கு அவ்வளவாக வராது. அப்பா பி.எட். படித்து டீச்சர் ஆகச் சொல்கிறார். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் வீட்டில் பேச வேண்டும். (பெயர் வேண்டாம்)

அன்பு மகளுக்கு,

அந்தப் பையனின் பெயர், அவன் படிக்கும் பள்ளி, லைன் நம்பர் எல்லாவற்றையும் உன் கடிதத்தில் எழுதியிருந்தாய். அத்தனையையும் எடுத்துவிட்டேன். வழக்கின் விவரத்தையும் கொஞ்சம் மாற்றித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். வழக்கில் சிக்கிய குழந்தையோ, பாதிக்கப்பட்ட குழந்தையோ, சாட்சி சொன்ன குழந்தையோ, யாராக இருந்தாலும் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்தத் தகவலும் எந்த வடிவிலும் வெளியே வரக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் இப்படியே தடுக்கிறது. நீ அக்கறையில்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் எல்லோரும் எல்லோரையும் அறிந்த எஸ்டேட்டில் "இன்னார் மகன்" என்ற ஒரு சொல் போதும், அந்தப் பையன் அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிடுவான். இந்த வேலைக்கு வர நினைக்கிற உனக்கு இந்தப் பழக்கம் இன்றிலிருந்தே வரட்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் வாதாடுவேன், குற்றம் செய்தவர்கள் பக்கம் போக மாட்டேன் என்கிறாய். உன்னை இந்த ஆசைக்குக் கொண்டுவந்தது யார் என்று யோசித்துப் பார். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன். அவனும் குழந்தைதான். 18 வயது நிரம்பாத எல்லோரையும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குழந்தை என்றே சொல்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைக்கும், சட்டத்துக்கு முரணாக நடந்ததாகச் சொல்லப்படும் குழந்தைக்கும் ஒரே சட்டம்தான். குடிகார அப்பாவிடம் அடி வாங்கி எட்டு வயதில் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து நிற்கும் பிள்ளையே பதினாறு வயதில், குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வந்து நிற்பதை இந்த ஊரில் நான் பார்த்திருக்கிறேன். முதலில் வந்தபோது அவனுக்காகப் பேசிவிட்டு, இரண்டாவது முறை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாயா?

அந்தப் பையனுக்குச் சட்டம் என்ன கொடுத்திருக்கிறது என்று தெரிந்துகொள். பெரியவர்கள் யாரும் கூட்டுச் சேராத சின்னக் குற்றமாக இருந்தால், 18 வயதுக்கு உட்பட்டவன்மேல் எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது. ஸ்டேஷன் டைரியில் பதிந்து, அவன் குடும்பச் சூழ்நிலை பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு என்று இருக்கிற கொடுங்குற்றங்களுக்குத்தான் எஃப்.ஐ.ஆர். பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது. பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். பெயில் அவனுக்கு உரிமை. தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், வெளியே போனால் அவனுக்கே ஆபத்து, விட்டால் நீதியின் நோக்கமே கெட்டுவிடும் என்ற மூன்று காரணங்களில் ஒன்றை எழுதிவைத்தால்தான் பெயிலை மறுக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனுக்கு இலவசமாக வக்கீல் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆவது பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே வைக்கவில்லை. 15100 என்ற எண்ணைக் கூப்பிட்டிருந்தாலோ, கூடலூர் கோர்ட்டிலோ பந்தலூர் கோர்ட்டிலோ போய்ச் சட்ட உதவி என்று கேட்டிருந்தாலோ அந்த அம்மாவுக்கு வழி கிடைத்திருக்கும். எழுதிவைத்த சட்டம் லைன் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள் குறைவு. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

குழந்தைக்கு வக்கீலாக இருப்பது என்றால் என்ன என்று நான் புரிந்துகொண்ட விதத்தை ஒரு பையனை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடிதான் சொல்கிறேன். திருட்டுக் கேஸ். குழுமத்து அறைக்கு வெளியே பெஞ்சில் அப்பாவின் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்வெட்டர் கைப்பக்கத்து நூலை இழுத்து இழுத்து ஒரு முழம் பிரித்துவிட்டிருந்தான். "நீ எடுத்தியா?" என்றால் "ஆமா". "எடுக்கலையா?" என்றால் அதற்கும் "ஆமா". பெரியவர்கள் கேட்டால் ஆமா சொல்லிவிட்டால் சீக்கிரம் விடுவார்கள் என்று அவன் உடம்பே பழகியிருந்தது. ஸ்டேஷனிலும் அதையேதான் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒத்துக்கிட்டா எச்சரிச்சு விட்ருவாங்களாம்மா, முடிச்சுக் குடுத்துருங்க, எனக்குப் பேரு போட லேட்டாகுது" என்றார்.

நான் கேஸைப் பற்றி அதற்கு மேல் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவாய் என்று கேட்டேன். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பஸ் எத்தனை மணிக்கு, டிரைவர் யார், எந்த வளைவில் கை காட்டினால் நிறுத்துவார் என்று சொல்லிக்கொண்டே போனான். சொல்லிக்கொண்டே வந்தவன், அன்றைக்கு மட்டும் பஸ் வரவில்லை, ரோட்டில் யானை நின்றது, ஃபாரஸ்ட்காரர்கள் எல்லோரையும் டீக்கடையிலேயே நிறுத்திவைத்துவிட்டு இருட்டிய பிறகுதான் விட்டார்கள், தங்கச்சியும் என்னோடு இருந்தாள் என்றான். போலீஸ் அறிக்கையில் அதே நேரத்தில் அவன் பஜாரில் இருந்ததாக எழுதியிருந்தது. யானையை விரட்டப் போன வனத்துறை ஆட்களுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. மற்றதை நீயே ஊகித்துக்கொள்வாய்.

"எடுத்தியா, இல்லையா" என்று கேட்டால் குழந்தை நமக்குப் பிடித்த பதிலைத் தேடும். "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் தன் பதிலைச் சொல்லும். காத்திருப்பது கஷ்டம். காரிடாரில் பெஞ்ச் கிளார்க் பெயர் கூப்பிடுவார், உனக்கு வேறு கோர்ட்டில் வாய்தா இருக்கும், அவசரப்படுத்தத் தோன்றும்.

ஒத்துக்கொண்டு முடிக்கலாம் என்று அந்த அப்பா சொன்னதையும் தள்ளிவிட முடியாது. ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்தால் ஒரு நாள் பேர் போகும், அதாவது அன்றைய கூலி போகும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி, குழந்தையாக இருந்தபோது நடந்த குற்றத்தைக் காட்டிப் பின்னால் அவனுக்கு எந்தத் தகுதிக் குறைவும் வரக் கூடாது. 16 வயது தாண்டிக் கொடுங்குற்றத்தில் பெரியவனைப் போல் விசாரிக்கப்பட்டவனுக்குத்தான் விலக்கு. ஆனாலும், செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு வந்த பையன் அந்த ஊரில் அதற்குப் பிறகு எப்படி நடமாடுவான்? வெலிங்டனில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது மைதானத்தில் நிற்கும் பையன்களில் பாதிப் பேர் நம் லைன்களிலிருந்தும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் போனவர்கள். அந்த வரிசையில் போய் நிற்கிற தைரியமே அவனுக்குப் போய்விடும். அவசரத்தில் இருக்கிற அப்பாவுக்கு இதைப் பொறுமையாகச் சொல்வதும் வக்கீல் வேலையில் சேர்ந்ததுதான்.

குழந்தைக்கு எது நல்லது என்று அப்பா, அம்மா, டீச்சர், போலீஸ், நீதிபதி எல்லோரும் சொல்வார்கள். குழந்தை என்ன சொல்கிறது என்று சொல்ல ஒரு ஆளாவது வேண்டும். அதற்குத்தான் வக்கீல். இது இங்கே மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்காதே. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 1964இல் ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுப் பையன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசினான் என்று புகார். புகார் கொடுத்தவர் விசாரணைக்கே வரவில்லை. பையனுக்கு வக்கீல் இல்லை. நீதிபதி அவனை 21 வயது வரைக்கும் சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவு போட்டார். அதே குற்றத்தைப் பெரியவர் செய்திருந்தால் 50 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டு மாதச் சிறை, அவ்வளவுதான். அவனுடைய நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்று எல்லோரும் நம்பிச் செய்தார்கள். 1967இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இது செல்லாது, குழந்தைக்கும் வக்கீல் வேண்டும் என்றது. நம் நாடு 1992இல் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. தன்னைப் பற்றிய முடிவில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று அதன் 12ஆவது பிரிவு சொல்கிறது. நம் இளைஞர் நீதிச் சட்டமும் 3ஆவது பிரிவில் அதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது.

குழந்தை சொல்வது அதற்கே கெடுதலாக இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வி உன்னைத் தூங்கவிடாது. வீட்டில் வைத்தே தொந்தரவுக்கு ஆளான பெண் பிள்ளை, "நான் வீட்டுக்கே போறேன்" என்று அழும். உடனே, ஐயோ, இது அறியாப் பிள்ளை என்று நீயே முடிவு எடுத்துவிடாதே. ஏன் என்று கேள். பெரும்பாலும் பதில், "தம்பி அங்க இருக்கான், அவனுக்கு யாரு சோறு போடுவா" என்பதாக இருக்கும். அவள் கேட்டது வீட்டை இல்லை, தம்பியை. அப்போது இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகச் சித்தி வீட்டில் விடலாமா, ஒரே இல்லத்தில் சேர்க்கலாமா என்று நலக் குழுவிடம் கேட்க முடியும். முடிவு குழுவுடையது. ஆனால் அவள் சொன்னதும் அதற்கான காரணமும் ஒரு வரி குறையாமல் குழுவின் முன் போக வேண்டும்.

போக்சோ வழக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் மனதில் இருப்பது பெரும்பாலும் அதுதான். 2012 நவம்பர் 14இலிருந்து அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. நீலகிரி மாவட்டத்துக்கு இந்த விசாரணை ஊட்டி மகளிர் நீதிமன்றத்தில் நடக்கிறது. வழக்கை நடத்துவது அரசு வக்கீல். குழந்தைக்கென்று தனியாக வக்கீல் வைத்துக்கொள்ள 40ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. வசதி இல்லாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு கொடுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் நீ நிற்பாய். எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது, நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் கேட்க வேண்டும். எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, குழந்தை பார்க்கும்படி வைக்கக் கூடாது. திரும்பத் திரும்ப கோர்ட்டுக்கு வரவழைக்கக் கூடாது. இதெல்லாம் 33, 36ஆவது பிரிவுகளில் இருக்கிறது. வழக்குகள் குவிந்து கிடக்கும் நாளில் இவற்றை யாராவது எழுந்து ஞாபகப்படுத்தினால்தான் நடக்கும்.

வாக்குமூலத்தைப் படிக்கக் கற்றுக்கொள். குழந்தை பேசியபடியே பதிவு செய்ய வேண்டும் என்கிறது 26ஆவது பிரிவு. ஏழு வயதுப் பிள்ளை "மேற்படி நபர் தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று பேசுமா? அப்படி எழுதியிருந்தால் பின்னால் குறுக்கு விசாரணையில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பிள்ளை விழிக்கும், பொய் சொல்கிறது என்று ஆகிவிடும். உங்கள் பக்கத்துப் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழே இல்லை. மொழிபெயர்ப்பாளர் வைக்க 38ஆவது பிரிவில் வழி இருக்கிறது. கேட்டுப் பெற வேண்டும். நீ அந்தப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்தவள், அவர்கள் பேச்சு கொஞ்சமாவது உன் காதில் விழுந்திருக்கும். சென்னையில் படித்து வரும் வக்கீலுக்கு அது கிடைக்காது.

மலையில் இந்த வழக்குகள் எங்கே உடைகின்றன என்றால், கோர்ட்டுக்கு வெளியே. லைன் வீடு எஸ்டேட்டுடையது. எதிரி சூப்பர்வைசராகவோ அவருக்கு வேண்டியவராகவோ இருந்தால், வேலை போகும், வேலை போனால் கூரையும் போகும். "பேசி முடிச்சுக்கலாம்" என்று ஆள் வரும். முதலில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லி அம்மா பிறழ் சாட்சி ஆகிவிடுவார். அந்த அம்மாவைத் திட்டுவது சுலபம். நீ திட்டாதே. போக்சோ வழக்கைச் சமாதானமாகப் போய் முடித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஒரு ராஜஸ்தான் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை அந்த அம்மாவிடம் சொல்வதோடு, அந்தக் குடும்பம் நிமிர்ந்து நிற்க என்ன வேண்டும் என்றும் பார். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் 8ஆவது விதிப்படி சாப்பாடு, துணிமணி, போக்குவரத்துச் செலவுக்கு உடனடி உதவி கொடுக்கும்படி குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். 9ஆவது விதிப்படி வழக்கு முடிவதற்கு முன்பே இடைக்கால இழப்பீடு கேட்டு மனு போடலாம். பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். விடிகாலை பஸ், இரண்டு பேரின் கூலி போவது, மத்தியானச் சாப்பாடு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு குடும்பம் ஏன் நாலாவது வாய்தாவுக்கு வராமல் நின்றுவிடுகிறது என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதே சட்டத்தில் இன்னொரு வகை வழக்கும் வரும். பதினேழு வயதுப் பெண்ணும் பதினேழு வயதுப் பையனும் விரும்பி ஓடிப்போயிருப்பார்கள். பெண் வீட்டில் புகார் கொடுத்ததும் பையன் எதிரி ஆகிவிடுவான். இரண்டு பேருமே குழந்தைகள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இப்படி ஒரு வளரிளம் பருவக் காதல் வழக்கை ரத்து செய்தார். இந்தச் சட்டம் அப்படிப்பட்டவர்களைத் தண்டிக்க வந்ததல்ல என்று விளக்கமாக எழுதினார். அந்தத் தீர்ப்பைக் கல்லூரியில் சேர்ந்ததும் தேடிப் படி. "பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்" என்று நீ போட்டிருக்கும் கோடு எங்கே ஓடும் என்று அப்போது உனக்கே தெரியும்.

வயதுச் சான்று பற்றியும் கேட்டுக்கொள். யாரும் முன்கூட்டியே சொல்லித் தராத விஷயம் இது, பல வழக்குகள் இதில்தான் நிற்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாக ஒரு தேதி போட்டுவிடுவார். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவின்படி முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், இல்லாவிட்டால் நகராட்சி, பஞ்சாயத்து பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அதிலும் இரண்டு வருஷம் முன்னே பின்னே போகும். 2023இல் யுவபிரகாஷ் என்பவரின் வழக்கில், நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு, பள்ளி மாற்றுச் சான்றிதழை மட்டும் வைத்து வயதை நிரூபிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, போக்சோ தண்டனையையே ரத்து செய்தது. ஒரு காகிதம் சரியில்லாததால் போன வழக்கு. அதனால்தான் சொல்கிறேன், குழந்தை வக்கீலின் வேலையில் பாதி, எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் பள்ளிக்கூட அலமாரியையும் தேடிப் போவதுதான்.

பெற்றோர் பிரியும்போது பிள்ளை யாரிடம் என்ற வழக்குகளும் உண்டு. அங்கே அம்மாவுக்கு ஒரு வக்கீல், அப்பாவுக்கு ஒரு வக்கீல், பிள்ளைக்கு யாரும் இல்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் 17ஆவது பிரிவில், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கருதலாம் என்கிறது. பெரும்பாலும் நீதிபதி சேம்பரில் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்பதோடு சரி. இந்தப் பக்கம் நம் நாட்டில் இன்னும் வளர வேண்டியிருக்கிறது.

இனி படிப்பு. குழந்தைகளுக்கென்று தனிப் பட்டம் கிடையாது, எல்லோருக்கும் உள்ள அதே சட்டப் படிப்புதான். பிளஸ் டூ முடித்த உனக்கு 5 ஆண்டு பி.ஏ., எல்எல்.பி. கோவையில் மருதமலை ரோட்டில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கவுன்சிலிங் வழியாக பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் கொடுக்கிறார்கள். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கிளாட் நுழைவுத் தேர்வு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால், 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கும் உண்டு, சட்டப் படிப்பும் அதில் சேர்த்தி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். வீட்டில் நீதான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இப்போதே தாலுகா ஆபீசில் விண்ணப்பித்து வைத்துக்கொள். கவுன்சிலிங் சமயத்தில் ஓடினால் கிடைக்காது.

படிக்கும்போதே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம், சட்ட மாணவர்களை எடுப்பார்கள். லீவில் மலைக்கு வரும்போது அந்த வேலையைச் செய். குழந்தை மனம் பற்றித் தனியாகப் படிக்க நினைத்தால் பெங்களூர் நிம்ஹான்ஸில் சம்வாத் என்ற பிரிவு குழந்தைப் பாதுகாப்பில் இருப்பவர்களுக்குப் பயிற்சி தருகிறது. அதெல்லாம் பின்னால்.

முன்னால் வேண்டியது வேறு. பட்டம் வாங்கி, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வும் முடித்த பிறகு, எல்லா வழக்கும் எடுக்கிற ஒரு நல்ல சீனியரிடம் ஜூனியராகச் சேர். பாகப் பிரிவினை, செக் மோசடி, விபத்து இழப்பீடு, அடிதடி எல்லாம் பார். குழந்தைகள் கேஸ் மட்டும்தான் என்று முதல் நாளே உட்கார்ந்துவிடாதே. பெயில் மனு எழுதத் தெரியாத, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரியாத வக்கீல் குழந்தைக்குக் கிடைத்தால் அது அந்தக் குழந்தைக்கு நஷ்டம். நல்ல மனசு இருக்கிறது என்பதற்காக அரைகுறை வக்கீலைக் குழந்தையிடம் அனுப்பக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், என்னிடம் வரும் ஜூனியர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

பதிவுக் கட்டணம் பயமுறுத்தும் அளவில் இருந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். முதல் மூன்று நான்கு வருஷம் கஷ்டம்தான். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா ஆபீசிலும் அது கைக்கு வருகிறது என்று என்னால் சொல்ல முடியாது. சேரும்போதே கேட்டுப் பேசிக்கொள், கூச்சப்படாதே. மூன்று வருஷ அனுபவம் ஆனால் சட்ட உதவிப் பேனலில் சேரலாம். அங்கிருந்துதான் குழந்தைகள் வழக்குகள் உன் கைக்கு வர ஆரம்பிக்கும். கேஸுக்கு இவ்வளவு என்று பில் போட்டு வாங்குவது, பெரிய தொகை இல்லை. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. மற்ற வழக்குகள் சோறு போடும், இது கூடவே நடக்கும். மலையில் வக்கீல் பிழைப்பு அப்படித்தான் ஓடுகிறது, பலர் நன்றாகவே இருக்கிறார்கள்.

மாதச் சம்பளம் வேண்டும் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் என்ற பதவி இருக்கிறது, ஒப்பந்த வேலை. ஏழு வருஷம் பிராக்டீஸ் ஆனால் போக்சோ சிறப்பு அரசு வக்கீல் ஆகும் தகுதி வரும். மூன்று வருஷப் பிராக்டீஸோடு சிவில் நீதிபதித் தேர்வும் எழுதலாம். இளைஞர் நீதிக் குழுமத்தின் தலைமையில் உட்காருவது ஒரு நீதித்துறை நடுவர்தான், நாளைக்கு அது நீயாகவும் இருக்கலாம்.

இங்கிலீஷைப் பற்றி இந்த அளவு கவலை வேண்டாம். கீழ்க் கோர்ட்டில் சாட்சி, வாதம் எல்லாம் பெரும்பாலும் தமிழில் நடக்கும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்க இங்கிலீஷ் வேண்டும். தினம் இரண்டு பக்கம், அகராதியை வைத்துக்கொண்டு படி, ஐந்து வருஷத்தில் வந்துவிடும். உன் தமிழை மட்டும் விட்டுவிடாதே, தெளிவாக எழுதுகிறாய்.

இன்னொன்று, மனசு. பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காத நாட்கள் வரும். அதைத் தனியாகத் தாங்கிக்கொள்ளப் பார்க்காதே. வழக்கு விவரம் சொல்லாமலே மனபாரத்தைச் சொல்ல ஒரு சீனியரோ தோழியோ உனக்கு வேண்டும். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் கவுன்சலரிடமும் போ.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். டீச்சர் வேலைக்கு மாதம் பிறந்தால் சம்பளம், ஊருக்குள் மரியாதை. மகள் கோர்ட்டு, போலீஸ் என்று அலைய வேண்டாம் என்று நினைக்கிறார். அவரிடம் சண்டை போடாதே. கோவை கல்லூரியின் ஃபீஸ், ஹாஸ்டல், உதவித்தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் கணக்காக எழுதி அவர் முன் வை. அந்தப் பையனின் அம்மா அன்றைக்குத் தவித்ததை அவரும் பார்த்திருப்பார், அதையும் பேசு. அதற்குப் பிறகும் அவருக்குத் தயக்கம் இருந்தால் இரண்டு பேரும் ஒரு நாள் ஊட்டிக்கு வாருங்கள். கோர்ட் உள்ள நாளாகப் பார்த்து வாருங்கள், காலையில் திறந்த கோர்ட்டில் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் ஆபீசில் பேசலாம், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் அனுப்பிவிடுகிறேன். வரும்போது பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றுக்கும் நகல் எடுத்து வா, விண்ணப்பத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.

அன்புடன்,
வக்கீல் அம்மா, ஊட்டி